பிக் பிடிக்கும் கை ஏன் வலிக்கிறது?

கண்டி, பேராதனை, கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துக் கலியாண மண்டபங்களில் பைலா நொன்ஸ்டொப் தொடங்கிவிட்டால் பேஸ் கிற்றார் வாசிப்பவருக்கு இடைவெளி கிடையாது. பாடகர்கள் மாறிமாறி வருவார்கள். லீட் கிற்றார் ஒரு பாட்டுக்கு ஒதுங்கி நிற்கலாம். கீபோர்ட்காரர் ஒரு கையால் சமாளித்துக்கொண்டு மறுகையால் தண்ணீர் குடிக்கலாம். பேஸும் ட்ரம்ஸும் நின்றால் ஆடுகிறவர்களின் காலும் நின்றுவிடும். விரலால் மீட்டாமல், கம்பியைத் தட்டும் சிறு தகடான பிக்கைப் பிடித்து வாசிப்பவர்கள் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: பெருவிரலின் அடியில் ஒரு கடுப்பு, அது மணிக்கட்டுக்கு ஏறும், முன்கை இறுகும், கடைசிப் பாட்டுக்கு முன்பே பிக் நழுவத் தொடங்கும்.

காரணம் பிக்கா, பிடிக்கும் விதமா, வாசித்த நேரமா, நரம்பா, மனமா? கேள்வி பேஸ் கிற்றாரைவிட வயதில் மூத்தது. லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் கடைக்கு வந்தது 1951இல். கைவலி பற்றிய விவாதம் அதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது.

மூன்று பழைய காரணங்கள்

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் வெளியிட்டு, 1713இல் அதை விரிவாக்கினார். எழுத்தர்களின் கைவலிக்கு அவர் மூன்று காரணங்கள் சொன்னார்: அசையாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே திசையில் ஓயாமல் அசைவது, கணக்கில் பிழை வந்துவிடக் கூடாதே என்ற மனநெருக்கடி. வலக்கை செயலிழந்த ஓர் எழுத்தர் இடக்கையால் எழுதப் பழகியதையும், சில காலத்தில் அந்தக் கையும் அதே நோயில் விழுந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

பின்னால் வந்தவர்கள் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் ஒற்றைக் குற்றவாளியைத் தேடினார்கள். 19ஆம் நூற்றாண்டில் உருக்கு முனைப் பேனா குற்றவாளியானது. பிறகு தந்திக் கருவி. தந்தியாளர் கைப்பிடிப்பை 1908இல் இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றுக்கொண்ட பிரிட்டனிலேயே, 1911இல் அரசாங்கக் குழுவொன்று அதற்கு நரம்புத் தளர்ச்சியையும் காரணமாகக் காட்டியது. கருவியில் தொடங்கிய குற்றச்சாட்டு மூன்றே ஆண்டில் தொழிலாளியின் சுபாவம்வரை போய்விட்டது. இசைக்கலைஞர் பக்கம் வந்தால், 1887இல் லண்டன் மருத்துவர் ஜோர்ஜ் விவியன் பூர் பியானோ வாசிப்போரின் கைக்கோளாறு பற்றித் தனியே விரிவுரை செய்திருக்கிறார். இன்று பேஸ்காரர்கள் கேட்கும் அறிவுரைகள் எல்லாம் இந்தப் பழைய பாதைகளிலேயே நடக்கின்றன.

ஒரே பெயரில் பல வலிகள்

விவாதம் குழம்புவதற்கு முதற்காரணம், ‘கைவலி’ என்று எல்லோரும் ஒரே சொல்லால் சொல்வது பல நோய்களை. பிக்கைப் பெருவிரலின் சதைப்பகுதிக்கும் மடித்த சுட்டுவிரலின் பக்கவாட்டுக்கும் இடையே பிடிக்கிறோம். பெருவிரலை விரிக்கவும் நீட்டவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே உறைக்குள் போகின்றன. அந்த உறை தடித்து வலிப்பதை 1895இல் சுவிஸ் அறுவைச் சிகிச்சையாளர் ஃபிரிட்ஸ் டி கேர்வன் விவரித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பெருவிரலின் அடிமூட்டு வேறு கதை. விரல்நுனியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தால் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ விழுகிறது என்று 1977இல் கூனி, சாவோ என்ற இருவர் கணக்கிட்டார்கள். பிக்கைச் சற்றே இறுக்குவதாக நினைக்கிறவர் அந்த மூட்டில் எவ்வளவு ஏற்றுகிறார் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் இரவில் மரத்துப்போனால் மணிக்கட்டுக் குகையில் நடுநரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். வலி முழங்கைக்கு வெளிப்புறம் இருந்தால் அது மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளின் பிரச்சினையாகலாம். ஒருவருக்குப் பலித்த பரிகாரம் மற்றவருக்குப் பலிக்காமல் போவதில் வியப்பில்லை. இருவருக்கும் இருந்தது ஒரே நோயாக இருக்க வேண்டியதில்லை.

கருவியைக் குறைசொல்வோர்

முதல் கட்சிக்குக் கருவிதான் எதிரி. பேஸின் தடித்த கம்பி சுமார் இரண்டரை மில்லிமீற்றர். சாதாரண மின்கிற்றாரின் தடித்த கம்பி அதில் பாதிக்கும் குறைவு. கம்பி ஒவ்வொன்றின் இழுவிசையும் கிற்றாரைவிட ஏறத்தாழ இரு மடங்கு. கிற்றாரில் பிக் பழகியவர் அதே மெல்லிய பிக்கோடு பேஸுக்கு வந்தால், கம்பி அதைத் திருப்பிவிடும். திருப்பவிடாமல் அவர் இறுக்குவார். தடித்த பிக்குக்கு மாறுவது ஒரு பரிகாரம். பெரிய முக்கோணப் பிக்குக்கு மாறுவது இன்னொன்று. வாரை உயர்த்திக் கருவியை மேலே தூக்குவதும், நீளம் குறைந்த பேஸ் வாங்குவதும் இதே வரிசையில் சேரும். போல் மெக்கார்ட்னியின் ஹொஃப்னர் இலகுவான, 30 அங்குல அளவுக் கருவி. ஃபெண்டரின் அளவு 34 அங்குலம், எடை பெரும்பாலும் நான்கு கிலோவுக்கு மேல்.

கருவியை மாற்றிக் கையைக் காக்கும் அறிவு நம் மேளக்காரர்களுக்குப் புதிதல்ல. தவில்காரர் வலக்கை விரல்களில் துணியும் பசையும் சுற்றி இறுக வைத்த கூடுகளை மாட்டிக்கொள்கிறார்; இடக்கையில் கழி. தலதா மாளிகையில் ஒலிக்கும் தம்மெட்டமவை அடிக்கும் இரு கோல்களின் நுனியும் வளையமாக வளைத்த கொடி. அடியின் அதிர்ச்சியில் ஒரு பகுதி அந்த வளைவிலேயே அடங்கும். தவுல மேளத்தில் வலக்கைக்குக் கோல், இடக்கைக்கு வெறும் உள்ளங்கை. ஒரே மனிதர், ஒரே இரவு, ஒரு கையில் கருவி, மறுகையில் இல்லை. பிக் எதிர் விரல் என்ற விவாதத்துக்கு இதைவிட நல்ல ஒப்பீட்டுக் களம் அமைவது அரிது.

இந்தக் கட்சியின் பலவீனம் வெளிப்படையானது. ஒரே பிக், ஒரே கம்பி, ஒரே எடை இருந்தும் ஒருவருக்கு வலிக்கிறது, அருகில் நிற்பவருக்கு வலிக்கவில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் 1960களில் கரோல் கே பிக்காலேயே பேஸ் வாசித்து வரலாற்றில் இடம்பிடித்தார். பிக் என்ற பொருளே கையைக் கெடுக்குமென்றால் அவரைப் போன்றவர்கள் அந்தத் தொழிலில் நிலைத்திருக்க முடியாது. ஆனாலும் பிக்கை மாற்றிப் பார்ப்பது மலிவான சோதனை. பிடிக்காவிட்டால் பழையதுக்கே திரும்பலாம். கோட்பாடாக நொண்டினாலும் முதற்படியாக இது மோசமில்லை.

பிடியைக் குறைசொல்வோர்

இரண்டாவது கட்சி ஆசிரியர்களின் கட்சி. டோபியஸ் மத்தாய் 1903இல் பியானோத் தொடுகை பற்றி எழுதிய நூலிலிருந்து, உடல் இறுக்கத்தைக் கவனித்துத் திருத்தும் அலெக்சாண்டர் முறை வகுப்புகள்வரை, அறிவுரையின் சாரம் ஒன்றுதான்: தேவையற்ற இறுக்கத்தை விடு. கரோல் கே மணிக்கட்டை வளைக்காமல் தட்டையாக வைக்கவும், தாளத்தில் விழும் சுரத்துக்குக் கீழ்வீச்சும் இடையில் விழுவதற்கு மேல்வீச்சும் பயன்படுத்தவும் கற்பித்தார். எல்லாவற்றையும் கீழ்வீச்சாகவே அடிக்கும் பங்க் பாணி இதற்கு நேர் எதிர். ரமோன்ஸ் குழுவின் டீ டீ ரமோன் வாரை முழங்காலருகே இறக்கிவிட்டு அப்படித்தான் அடித்தார்.

‘தளர்த்து’ என்று சொல்வது எளிது. எவ்வளவு தளர்த்தினால் பிக் விழாது என்பதை எந்த ஆசிரியரும் கிலோக் கணக்கில் சொல்வதில்லை. இந்த இடத்தில் இசைக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆய்வு பெரிதும் உதவுகிறது. சுவீடனின் ரோலண்ட் ஜொஹான்சனும் யோரான் வெஸ்ட்லிங்கும் 1984இல் வெளியிட்ட சோதனையில், பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் சிறு பொருளொன்றைத் தூக்கச் சொன்னார்கள். பொருளின் மேற்பரப்பு ஒருமுறை உப்புத்தாள், ஒருமுறை மெல்லிய தோல், ஒருமுறை பட்டு. எடை மாறாதபோதும் பட்டுக்கு விரல்கள் கூடுதலாக இறுக்கின, உப்புத்தாளுக்குக் குறைவாக. நழுவும் எல்லைக்குச் சற்று மேலே ஒரு பாதுகாப்பு அளவை வைத்துக்கொண்டு விரல்கள் தாமாகவே அழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன. மூளை கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றே: நழுவுமா?

பிக்குக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் பல விடயங்கள் விளங்கும். வியர்த்த கையில் வழுவழுப்பான பிக் இருந்தால், இறுக்காதே என்று ஆயிரம் முறை சொன்னாலும் கை இறுக்கத்தான் செய்யும். பிக்கின் முகத்தைக் கத்தியால் கீறிச் சொரசொரப்பாக்குவதும், நடுவில் துளை போடுவதும், துணிப் பிளாஸ்டர் ஒட்டுவதும் அழகுக்காகச் செய்யும் வேலைகள் அல்ல. உராய்வு கூடினால் இறுக்கம் தானே குறையும். குளிருக்கும் இதில் பங்குண்டு. 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கும் நுவரெலியாவில் டிசம்பர் இரவொன்றில் ஹோட்டல் புல்வெளியில் வாசிக்கும் விரலுக்குத் தொடுவுணர்வு மங்கும். உணர்வு மங்கிய விரல் சந்தேகத்துக்கு இடம்வைக்காமல் கூடுதலாக இறுக்குவது எதிர்பார்க்கத்தக்கதே.

இன்னொரு மறைமுகக் காரணம் ஒலி. பேஸ் அம்ப் முழங்காலுக்குப் பின்னால், ட்ரம்ஸ் காதுக்குப் பக்கத்தில். தன் சத்தம் தனக்குக் கேட்காத பேஸ்காரர் கம்பியை ஓங்கி அடிப்பார். கையைத் திருத்துவதற்கு முன் அம்பைச் சாய்த்து வைப்பது சில மேடைகளில் பாதி வேலையை முடித்துவிடும்.

பிடிக் கட்சியின் குறை, அதன் விதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது. சிறுவிரலைக் கருவியில் ஊன்று என்கிறார் ஒருவர்; ஊன்றாதே என்கிறார் மற்றவர். இருவருடைய மாணவர்களும் வாசிக்கிறார்கள், இருவருடைய மாணவர்களுக்கும் வலிக்கிறது. ‘சரியான’ பிடி வலியைத் தடுக்கும் என்பதற்கு ஆசிரிய மரபின் சாட்சியம் ஏராளம். ஒப்பீட்டுச் சோதனைகள் சொற்பம்.

சுமைக் கணக்கு

மூன்றாவது கட்சிக்குக் கையும் கருவியும் இரண்டாம்பட்சம். எவ்வளவு, எவ்வளவு நேரம், எவ்வளவு திடீரென்று என்பதுதான் கணக்கு. நிமிடத்துக்கு 140 அடி வேகத்தில் எட்டாம் பங்குச் சுரங்களை வாசித்தால் நிமிடத்துக்கு 280 வீச்சு. இருபது நிமிட நொன்ஸ்டொப்பில் 5,600. அவுஸ்திரேலிய அறுவைச் சிகிச்சையாளர் ஹன்டர் ஃபிரை 1986இல் சிம்பொனி இசைக்குழுக்களைப் பரிசோதித்து, இசைக்கலைஞரின் கைவலிக்கு மிகைப்பயன்பாடே காரணம் என்று வலியுறுத்தினார். அமெரிக்க இசைக்குழுக்களில் 2,212 பேர் பதிலளித்த கருத்தாய்வு 1988இல் வெளியானது. அவர்களில் 76 சதவீதத்தினர் வாசிப்பைப் பாதிக்கும் அளவுக்கு ஒரு மருத்துவப் பிரச்சினையாவது உண்டு என்றார்கள். பத்தாண்டு கழித்துக் கனடாவின் கிறிஸ்டீன் சாசா அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்தெடுத்து, இலேசான வலிகளைக் கழித்துவிட்டால் தசை, மூட்டுக் கோளாறு உள்ளவர்கள் 39 முதல் 47 சதவீதம்வரை என்று மதிப்பிட்டார். வேறு தொழில்களில் காணும் அளவும் ஏறத்தாழ அதுதான் என்பது அவருடைய முக்கியமான குறிப்பு. இசைக்கலைஞரின் கை தனிப்பிறவி இல்லை. அது உழைக்கும் கை.

கண்டியில் இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. மாவட்டத்தின் ஹேவாஹெட்டைப் பகுதியில், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தொடங்கிவைத்த தேயிலை பரவியதிலிருந்து, பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ளும் அசைவில்தான் இந்த மலைகளின் வருமானம் நிற்கிறது. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. வலிக்கிறது என்று கையை நிறுத்துகிறவரின் கூலி நிற்கிறது. இரவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு வாசிக்கப் போகும் பேஸ்காரரின் நிலையும் அடிப்படையில் இதேதான். சுமையைக் குறை என்ற மருத்துவ அறிவுரை இருவரிடமும் ஒரே சுவரில் மோதுகிறது.

மறுபக்கச் சாட்சியாக எசல பெரஹராவைக் காட்டுவோர் உண்டு. கும்பல் பெரஹரா ஐந்து இரவு, ரந்தோலி பெரஹரா ஐந்து இரவு. கெட்டபெர மேளக் கலைஞர்கள் நடந்துகொண்டே வெறுங்கையால் மணிக்கணக்காக வாசிக்கிறார்கள். அவர்களுக்கு முடிகிறதென்றால் சுமை எப்படிக் காரணமாகும்? இந்த வாதத்தில் இரண்டு ஓட்டைகள். அவர்களில் பலர் சிறுவயதிலிருந்து ஆண்டு ஆண்டாகச் சுமையை ஏற்றிப் பழகியவர்கள். சும்மா இருந்துவிட்டு டிசம்பரில் மூன்று கலியாணத்தை ஒரே வாரத்தில் ஒப்புக்கொள்பவரோடு அவர்களை ஒப்பிட முடியாது. இரண்டாவது, கை விட்டுப்போனவர் ஊர்வலத்தில் வருவதில்லை. நாம் பார்ப்பது தாக்குப்பிடித்தவர்களை மட்டும்.

சுமைக் கட்சிக்கு உண்மையான சங்கடம் வேறிடத்திலிருந்து வந்தது. 1980களில் அவுஸ்திரேலியாவில் கைவலி முறைப்பாடுகள் பெருகின. டெலிகொம் நிறுவனத்தில் மட்டும் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 4,000. விசை தட்டுவதே தொழிலாக இருந்த தந்திப் பணியாளர்களிடம் முறைப்பாடு குறைவு. அவர்களைவிடக் குறைவாகத் தட்டிய தொலைபேசி இயக்குநர்களிடம் அதிகம். வீச்சுக்களை எண்ணிக் கூட்டினால் வலி கிடைக்கும் என்ற நேர்க்கணக்கு அங்கே பொய்த்தது.

நரம்பும் மனமும்

டெலிகொம் கணக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் மனத்தால் வந்தது என்று சிலர் முடிவுகட்டினார்கள். அது 1911ஆம் ஆண்டுக் குழுவின் பழைய தீர்ப்புக்குப் புதுச்சட்டை போட்டது போலத்தான். வேலை மீது கட்டுப்பாடு இல்லாமை, மேடைப்பயம், வருமானக் கவலை ஆகியவை வலியைக் கூட்டும், நீட்டும் என்பதற்குப் போதிய ஆதாரம் உண்டு. வலியே பொய் என்பதற்கு இல்லை.

நரம்புக் கதையில் மறுக்க முடியாத ஒரு பகுதி இருக்கிறது. குறிப்பிட்ட அசைவைச் செய்யும்போது மட்டும் விரல்கள் தாமாகச் சுருளும் அல்லது விறைக்கும் ‘டிஸ்டோனியா’ தொழில்முறை இசைக்கலைஞரில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு வருவதாக மதிப்பிடப்படுகிறது. ரொபர்ட் ஷூமானின் வலக்கையைக் கெடுத்தது இதுவாக இருக்கலாம் என்பது பலரின் ஊகம். பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷரின் வலக்கை 1960களின் நடுவில் முடங்கியது. பொட்டொக்ஸ் ஊசியின் உதவியோடு இரு கையாலும் வாசித்த இசைத்தட்டை அவரால் 2004இல்தான் வெளியிட முடிந்தது. இதில் பெரும்பாலும் வலி இருக்காது. வலியில்லாததால் பயிற்சி போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் வாசித்து மோசமாக்கிக்கொள்பவர்கள் உண்டு.

ஓய்வு, எண்ணெய், ஊசி

பரிகாரங்களிலும் இதே பிளவு. ஃபிரை முழு ஓய்வை வலியுறுத்தினார். அடுத்து வந்தவர்கள், நீண்ட ஓய்வு தசைநாணைப் பலவீனமாக்கும் என்று சொல்லி, சுமையைக் குறைத்துப் படிப்படியாக ஏற்றும் முறைக்குத் திரும்பினார்கள். நாட்பட்ட தசைநாண் வலியில் அழற்சியைவிட இழைகளின் சிதைவே அதிகம் என்று 1990களில் தெளிவானது அதற்கு வலுச் சேர்த்தது. ஸ்டீரொயிட் ஊசி விடயத்தில் இடம் பார்த்துப் பேச வேண்டும்: டி கேர்வன் நோயில் அது பலருக்குப் பலிக்கிறது, முழங்கை வெளிப்புற வலியில் சில வாரம் சுகம் தந்து, நாட்கள் போக ஊசி போடாதவர்களைவிட மோசமான நிலையில் விடுகிறது என்று 2010இல் வந்த மீளாய்வு காட்டியது. சித்தாலேப தடவுவதும் பரம்பரை வைத்தியரிடம் எண்ணெய் பூசிக் கட்டுப் போடுவதும் கண்டியில் வழக்கம். அவை தரும் ஆறுதல் உண்மையானது. அந்த ஆறுதலை நம்பி அன்றிரவே நான்கு மணி நேரம் வாசிப்பதுதான் ஆபத்து. நிகழ்ச்சிக்கு முன் வலிமாத்திரை போடுவதற்கும் இது பொருந்தும்.

எது நிற்கிறது, எது நிற்கவில்லை

மூன்று நூற்றாண்டு விவாதத்தைச் சேர்த்துப் பார்த்தால், ராமஸ்ஸினியின் மூன்று காரணங்களில் எதையும் முற்றாகத் தள்ள முடியவில்லை. ஆதாரத்தின் பாரம் சுமைப் பக்கம் சாய்கிறது. குறிப்பாகத் திடீரென ஏறும் சுமை. ஆனால் சுமையைக் குறைக்கும் அதிகாரம் பலருக்கு இல்லாததால், பிக் வாசிப்பவருக்கு உடனே கைகொடுக்கக்கூடியது பிடியின் அழுத்தம் பற்றிய விளக்கம்தான்: சொரசொரப்பான, சற்றுப் பெரிய பிக், தனக்குக் கேட்கும்படி அம்ப், கீழ்வீச்சோடு மேல்வீச்சையும் கலப்பது, நொன்ஸ்டொப்பின் நடுவே இரண்டொரு பாட்டுக்கு விரலுக்கு மாறுவது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே எவ்வளவு பயன் தரும் என்பது தீர்ந்த விடயமல்ல.

பெரிய கருத்தாய்வுகள் பெரும்பாலும் மேற்கத்தைய இசைக்குழுக்களில் வயலினும் செலோவும் வாசிப்போரிடம் எடுக்கப்பட்டவை. அந்த எண்களைக் கலியாண மண்டபத்துப் பேஸ்காரருக்கோ, தோட்டத்தில் இரு குச்சி பிடித்துத் தப்படிப்பவருக்கோ, தவுலக் கலைஞருக்கோ அப்படியே பொருத்துவது சரியாகாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடமும் இயன்மருத்துவம் கற்பிக்கும் துறையும் நுண்கலைத் துறையும் ஒரே வளாகத்தை அண்டி இருக்கின்றன. மேளக்காரர்களும் இசைக்குழுக்காரர்களும் சில கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறார்கள். ஒரு கையில் கோலும் மறுகையில் வெறும் தோலுமாக வாசிக்கும் தவுலக் கலைஞரின் இரு கைகளையும் அளந்து பார்க்கும் வேலையை அங்குள்ள மாணவர் யாராவது கையிலெடுக்க வேண்டும்.

அதுவரை வாசிப்பவர் பொறுத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு: இரவில் விரல் மரத்து விழிப்பு வருவது, பெருவிரல் மேட்டுச் சதை மெலிவது, வலியே இல்லாமல் விரல் சுருள்வது, இரண்டு வாரம் குறைத்து வாசித்தும் காலையில் வலியோடு எழுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பிக்கை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்; போகும்போது கருவியையும் கொண்டுபோய் வாசித்துக் காட்ட வேண்டும்.